லிஃப்ட் நிற்காத மாடி

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். கோப்பி கலந்து, இரண்டு துண்டு ரொட்டி சுட்டுத் தின்றேன். முந்தின இரவு மழை பெய்திருந்ததால் மோட்டார் சைக்கிளின் இருக்கையைத் துணியால் துடைத்துவிட்டு, பாகான் டாலாமிலிருந்து தீவுக்குப் போகும் ஃபெரிக்குப் புறப்பட்டேன். மோட்டாரோடு ஏறுகிறவர்களின் வரிசையில் எப்போதும் வலது பக்க ஓரத்தில் நிற்பேன். அங்கே நின்றால் தீவில் முதலில் இறங்கலாம். எட்டு மணிக்கு முன்பே அலுவலகத்தில் என் மேசையில் இருந்தேன். கப்பல் சரக்குக்கான சுங்கப் பத்திரங்களைத் தயாரிப்பது என் வேலை.

அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு இந்த ஒழுங்கில் இரண்டு மாற்றங்கள் வந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தை அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் கழித்தேன். என் மனைவி காலையில் ஃபிளாஸ்க்கில் ஊற்றித் தந்த கஞ்சியைச் சாயந்திரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஃபெரி ஏறினேன்.

அக்காவுக்கு எழுபது வயது. என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். தீவின் தென்பக்கத்துத் தொழிற்சாலையில் நுண்ணோக்கிக்குக் கீழே கணினிச் சில்லுகளில் கம்பி ஒட்டும் வேலையைப் பணி ஓய்வு வரைக்கும் செய்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தில் தவணை கட்டிக் கட்டி ஒரு பிளாட் வாங்கினார். பழைய மலிவுவிலை அடுக்குமாடி அது. அங்கே லிஃப்ட் எல்லா மாடிகளிலும் நிற்காது. அக்காவின் மாடி நிற்காத மாடிகளில் ஒன்று. அதற்கு அடுத்த கீழ்மாடியில் லிஃப்டை விட்டு இறங்கி ஒரு படிக்கட்டு ஏற வேண்டும், இல்லாவிட்டால் மேல்மாடிக்குப் போய் ஒரு படிக்கட்டு இறங்க வேண்டும். வாங்கிய காலத்தில் அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. சாமான் பையோடு கீழிருந்தே ஏறிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து எங்கே போவார் என்பதை அந்த ஒரு படிக்கட்டுதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. தன் வீட்டைத் தவிர வேறெங்கும் போவதாக அவர் இல்லை.

கால்விரல் இடுக்கில் ஒரு சின்ன வெடிப்பு. அதன் வழியாகக் கிருமி புகுந்து, முழங்கால் வரை சிவந்து வீங்கி, தொட்டால் கொதிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. காய்ச்சலில் தனியாகக் கிடந்தவரை நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நரம்பில் மருந்து ஏற்றினார்கள். சிவப்பு மெல்ல இறங்கியது. கொப்புளம் உடைந்த இடத்தில் ஒரு புண் மட்டும் மிஞ்சியது. அது ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் அக்கா தேறவில்லை. கழிவறைக்குப் போக எழுந்தால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றார்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின சனிக்கிழமை வார்டு டாக்டர் எனக்கு அதை விளக்கினார். சின்ன வயதுத் தமிழ்ப் பெண்.

“அங்கிள், பாட்டி கால்ல இருந்த கிருமி அடங்கிடுச்சி. ஆனா கிருமிய எதிர்க்க உடம்பு மூட்டுன நெருப்பு இன்னும் அணையல. பிளட் டெஸ்ட்ல தெரியுது. அந்த நெருப்புக்கு வெறகு எங்கேர்ந்து வருதுன்னு தெரியுமா? தசையிலேர்ந்து. சாப்பாட்டுல புரதம் பத்தலன்னா தொடையில இருக்கிறத உருக்கி எடுத்துக்கும். படுத்தே கெடந்தா இன்னும் வேகமா போயிரும்.”

“பாட்டியா?” என்றார் கட்டிலில் கிடந்த அக்கா. “நான் யாருக்கும்மா பாட்டி? ஆன்ட்டின்னு கூப்புடு.”

டாக்டர் சிரித்துக்கொண்டே ஆன்ட்டி என்று திருத்திக்கொண்டார். பிறகு ஒரு தாதி வந்து அக்காவின் கெண்டைக்காலை நாடாவால் அளந்தார். கைப்பிடி போன்ற ஒரு கருவியைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். அழுத்தினால் அதிலுள்ள முள் நகரும்.

“இது என்னா, மாடு இல்லாம பால் கறக்குற சாமானா?” என்று கேட்டுக்கொண்டே அக்கா அழுத்தினார். முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு, “அந்தக் கையில குடு” என்றார். அந்தக் கையிலும் அவ்வளவுதான். கருவியைத் தாதியிடம் கொடுத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

சாப்பாட்டைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மதியம் நான் போகிற நேரத்தில் தட்டு எப்போதும் காலியாக இருந்தது. ஆஸ்பத்திரித் தட்டில் நாள்தோறும் முட்டையோ கோழியோ மீனோ வைக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் கணினி முடங்கியது. சுங்கத்தின் பக்கம் கோளாறு, எப்போது சரியாகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மதிய இடைவேளையை முன்னதாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பார்வை நேரம் தொடங்குவதற்கு முன்பே வார்டுக்குப் போய்விட்டேன். வாசல் காவலருக்கு என் முகம் பழகியிருந்தது. தட்டுகள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன.

அக்கா தட்டின் மூடியைத் திறந்தார். சோறு, கீரை, அவித்த முட்டை, மிளகாய்ச் சம்பல் இல்லாமல் பொரித்த ஒரு துண்டுக் கோழி. முட்டையையும் கோழியையும் கரண்டியால் எடுத்து மூடியில் வைத்து, பக்கத்துக் கட்டிலுக்கு நீட்டினார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மூச்சிரைப்புக்காகச் சேர்ந்திருந்த ஒரு மலாய்க்கார அம்மாள். அவர் அதை வாங்கிக்கொண்டு தன் பப்பாளித் துண்டுகளை மூடியில் வைத்துத் திருப்பித் தந்தார். இருவருக்கும் நன்றாகப் பழகிப்போன காரியம் என்பது கை போன விதத்திலேயே தெரிந்தது.

“அக்கா, என்னா பண்றீங்க?”

அவர் திடுக்கிட்டுத் திரும்பவில்லை. கீரையைச் சோற்றில் பிசைந்தபடி, “நேரத்தோட வந்துட்டியா? ஆபீஸ்ல வெரட்டிட்டாங்களா?” என்றார்.

“முட்டைய ஏன் குடுத்தீங்க?”

“புண்ணு இருக்கிறவ முட்டை தின்னா கரப்பான்டா. கால் திரும்பச் செவக்கும். கோழி அதுக்கு மேல.”

எங்கள் வீட்டில் கரப்பான் என்பது புதிய விஷயம் இல்லை. உடம்பில் புண்ணோ சிரங்கோ வீக்கமோ இருந்தால் கோழி, முட்டை, இறால், கருவாடு, கத்திரிக்காய் எல்லாம் விலக்கு. தின்றால் புண் சீழ் பிடிக்கும், அரிக்கும் என்று சொல்லியே எங்களை வளர்த்தார்கள். மலாய்க்காரர்கள் அதே உணவுகளில் பலவற்றைப் பீசா, அதாவது விஷம், என்று சொல்லித் தள்ளுகிறார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாள் முட்டையை மென்றுகொண்டே அக்காவுக்கு ஆதரவாகத் தலையாட்டினார்.

“பெத்துல் லா, தெலூர் பீசா,” என்றார், முட்டை புண்ணுக்கு ஆகாது என்கிற பொருளில். தனக்குப் புண் எதுவும் இல்லாததால் அவருக்குத் தடையில்லை.

அப்போதுதான் எனக்குக் கணக்கு சரியாக விளங்கியது. சேர்ந்த நாளிலிருந்து அக்கா மதியம் சோறும் கீரையும், சாயந்திரம் எங்கள் வீட்டுக் கஞ்சியும் மட்டுமே சாப்பிட்டிருக்கிறார். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள என் மனைவி நெத்திலி வறுத்துத் தர நினைத்தபோது, அக்கா வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதற்கும் இதுதான் காரணம். நோயாளிக்குக் கஞ்சி என்பதில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

டாக்டர் சொன்ன நெருப்பையும் விறகையும் திரும்ப எடுத்துச் சொன்னேன்.

“அந்தப் பொண்ணுக்கு என்னா தெரியும், நேத்து பொறந்தது. கரப்பான் அவ படிச்ச புஸ்தகத்துல இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம்?” என்று கேட்டுவிட்டு அக்கா ஒரு துண்டுப் பப்பாளியை வாயில் போட்டுக்கொண்டார்.

பார்வை நேரம் முடிவதற்குள் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு மலாய்ப் பெண் சக்கர நாற்காலியோடு வந்தார். அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்க வேண்டுமாம். என்னையும் கூட வரச் சொன்னார். அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கணினி இன்னும் சரியாகவில்லை, அவசரமில்லை என்றார்கள்.

அந்த அறையில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த மரப்படிகள் இருந்தன. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிற மாதிரி செய்தவை. முதலில் நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கச் சொன்னார். அக்கா முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார், மறுபடியும் முன்னால் சாய்ந்தார். பின்பக்கம் நாற்காலியை விட்டு எழவில்லை.

“கைய அவுத்து விட்டா எந்திரிச்சிடுவேன்,” என்றார் தமிழில்.

நான் அதை மலாயில் சொன்னேன். கைகளால் எழுவது கைகளின் பலம், தொடையின் பலத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் பதில் சொன்னார். பிறகு அக்காவின் இடுப்பில் ஓர் அகலமான பட்டையைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு படிகளுக்கு அழைத்துப்போனார். ஏறும்போது அக்கா இரண்டு கைகளாலும் கம்பியை இழுத்து இழுத்து ஏறிவிட்டார். மேலே நின்று என்னைப் பார்த்தார். தன் வீட்டு வாசலில் நிற்கிற முகம் அது.

இறங்கும்போது இரண்டாவது படியில் முழங்கால் மடங்கியது. அந்தப் பெண் பட்டையைப் பிடித்திருந்ததால் அக்கா விழவில்லை. கம்பியில் தோள் மோதி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கணம் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

“பெலும் லாகி, ஆன்ட்டி,” என்றார் அந்தப் பெண். இன்னும் இல்லை என்று அர்த்தம். நல்ல குரலில்தான் சொன்னார்.

வார்டுக்குத் திரும்பியதும் டாக்டர் வந்தார். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடலாம், இங்கே படுத்திருக்கிற ஒவ்வொரு நாளும் கால்கள் இன்னும் மெலியும் என்றார். ஆனால் தனியாக, அந்தப் படிக்கட்டு உள்ள வீட்டுக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை. தம்பி வீடு தரைவீடுதானே, அங்கே இருந்துகொண்டு பயிற்சிக்கு வந்து போகட்டும் என்றார்.

அக்கா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“என் மாடியில ஒரு டீச்சர் இருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? இடுப்புல அடிபட்டு மகன் வீட்டுக்கு ஒரு மாசம்னு போனாங்க. இப்ப அந்த வீட்ல வாடகைக்கு ஆளு இருக்கு.”

“நான் உங்க வீட்ட வாடகைக்கு விடப் போறதில்லக்கா.”

“நீ விட மாட்டே. என் கால் விட்டுரும்.” பிறகு, “உம் பொண்டாட்டி நல்லவ. அதாண்டா பயம்,” என்றார். “தண்ணி கேட்டா தண்ணி. கேக்காட்டியும் தண்ணி. அந்த மெத்து மெத்துன்னு இருக்கிற சோபாவுல உக்கார வெச்சி, கையில தட்டக் குடுத்து, டிவிய போட்டு விட்டுருவா. ரெண்டு மாசத்துல நானும் சோபாவும் ஒண்ணாயிடுவோம்.”

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. போர்வைக்குக் கீழே தன் தொடையைக் கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மரப்படியிலிருந்து திரும்பி வந்ததிலிருந்தே கை அங்கேதான் இருந்தது.

“ஏம்மா டாக்டரு,” என்றார். “நீ சொன்ன அந்தப் புரதம் ஹாருவான்ல இருக்கா?”

ஹாருவான் என்பது விரால் மீன். இந்த நாட்டில் ஆப்பரேஷன் ஆனவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் புண் சீக்கிரம் ஆறும் என்று எல்லா இனத்தாரும் அதைத்தான் சமைத்துக் கொடுப்பார்கள். முட்டையை விலக்குகிற அதே வழக்கம் விராலைத் தேடிப் பிடித்து ஊட்டும்.

“எல்லா மீன்லயும் இருக்கு ஆன்ட்டி.”

“எல்லா மீனையும் யாரு கேட்டா? ஹாருவான்ல இருக்கான்னு கேட்டேன்.”

“இருக்கு. நெறையவே இருக்கு. முட்டையிலயும்...”

“முட்டைய விடு.”

டாக்டர் முட்டையை விட்டுவிட்டார். பாலைப் பற்றிக் கேட்டார், சளி பிடிக்கும் என்றார் அக்கா. டௌஃபூ என்கிற சோயாக்கட்டி? வாய்வு. பருப்பு? அதுவும் வாய்வு, ஆனால் பூண்டு போட்டால் சாப்பிடலாம் என்று பரிசீலித்து ஒப்புக்கொண்டார். டாக்டர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “ஒவ்வொரு வேளையும் ஏதாச்சும் ஒண்ணு இருக்கணும் அங்கிள். மீனா இருந்தா மீன். ஒரு வேளைக்கு மட்டும்னா பத்தாது,” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பக்கத்துக் கட்டில் அம்மாள் ஹாருவான் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, பெருவிரலை உயர்த்திக் காட்டினார். நாளையிலிருந்து தன் தட்டுக்கு இரண்டாவது முட்டை வராது என்பது அவருக்கு இன்னும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அக்கா என் வீட்டுக்கு வருவதற்கான தன் நிபந்தனைகளைச் சொன்னார். வீட்டுச் சாவி அவரிடமே இருக்கும். சோபா கிடையாது, சாப்பாட்டு மேசை நாற்காலிதான். தட்டை யாரும் கையில் கொண்டுவந்து தரக் கூடாது. தனக்குரியதைத் தானே நின்று சமைப்பார். படிக்கட்டில் இறங்க முடிகிற அன்றைக்கு யாரையும் கேட்காமல் கிளம்பிவிடுவார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். சமையலறை என் கையில் இல்லை என்பது மட்டும் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சாயந்திரம் ஃபெரியில் திரும்பி வந்து, கைகால் கழுவிவிட்டு, மனைவியிடம் அக்காவின் நிபந்தனைகளைச் சொன்னேன். அக்கா வருவதை நான் போனிலேயே சொல்லியிருந்ததால், அவர் முன்னறையில் அக்காவுக்காக ஏற்கெனவே சோபாவில் புதிய உறை போட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கே! உடம்பு முடியாம வந்த நாத்தனார நிக்க வெச்சி மீன் கழுவ விட்டுட்டு, நான் உக்காந்து டிவி பாக்கணுமா?”

“ஆமா.”

“உங்களுக்கென்னா. உங்கள யாரு கேக்கப் போறா? சாயந்திரம் மாதா கோயில் அன்பியக் குழுவுலேர்ந்து ஜெபம் சொல்ல ஆளுங்க வருவாங்க. வந்து பாத்துட்டு, அந்த வீட்ல வயசானவங்கள வேலை வாங்குறான்னு கோயில் வாசல்லயே பேசுவாங்க. எம்பேருதான் கெடும். உங்க பேரு இல்ல.”

அது உண்மைதான். டாக்டர் சொன்னதை விவரமாகச் சொன்னேன், மரப்படியில் முழங்கால் மடங்கியதையும் சொன்னேன். அவர் உறையைப் பாதியில் விட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

“கஞ்சி குடுத்தது தப்பா?”

“கஞ்சி மட்டும் குடுத்தது.”

“அவங்கதானே கேட்டாங்க.”

“ஆமா.”

பிறகு மனைவியே ஒரு வழி சொன்னார். “ஆளு வந்தா நான் கத்திய வாங்கிக்கிறேன். அவங்க போனதும் திருப்பிக் குடுத்துடுறேன். அதுக்கு மேல என்னால முடியாதுங்க.”

எனக்கு அது போதும் என்று பட்டது. சோபாவை இருவருமாகச் சுவரோரம் தள்ளி, அதன் மேல் துவைத்து மடிக்காத துணிகளைக் குவித்தோம். யாரும் அதில் உட்காரச் சொல்லிவிட முடியாதபடி இருக்கட்டும் என்றார் மனைவி. சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் ஆட்டம் இல்லாத ஒன்றை எடுத்துச் சமையலறையில் கழுவுதொட்டியின் பக்கத்தில் வைத்தேன், களைத்தால் உட்கார.

சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் அக்கா போன் செய்தார். வார்டில் யாரோ தொலைக்காட்சி பார்க்கிற சத்தம் கேட்டது.

“நாளைக்கு எத்தன மணிக்கு வர்றே?”

“டிஸ்சார்ஜ் பத்திரமெல்லாம் முடிய மத்தியானம் ஆகும்னு சொன்னாங்க. லீவு போட்டிருக்கேன். மோட்டார் வேணாம், காடிய ஓட்டிக்கிட்டுப் பாலம் வழியா வர்றேன்.”

“அதுக்கு முன்னாடி பசாருக்குப் போ. உசுரோட இருக்கிற ஹாருவானா பாத்து வாங்கு. ஐஸ்ல கெடக்கிறது வேணாம்.”

“சரிக்கா.”

“வெட்டி வாங்கிட்டு வராதே. செதில் எடுக்க வேணாம், வயித்தயும் கீற வேணாம். அப்புடியே வேணும்.”

“அது வழுக்குமேக்கா.”

“வழுக்கும். உப்பும் புளியும் போட்டுத் தேய்க்கணும், அரை மணி நேரம் நிக்கணும். அதுக்குத்தான் சொல்றேன்,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மனைவி கேட்டார், என்ன சொன்னார்கள் என்று. சொன்னேன். எங்கள் வீட்டுக் கத்தி மொட்டை என்று சொல்லி, அதைக் கல்லில் தீட்டுவதற்காகப் பின்பக்கம் எடுத்துப்போனார்.

புதன்கிழமை காலை முதல் வேலையாகப் பசாருக்குப் போனேன். மீன் வரிசையின் கடைசியில் ஒரு சீனர் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் விரால்களை உயிரோடு வைத்திருந்தார். நடுத்தரமான ஒன்றைக் காட்டினேன். அவர் அதைத் துணியால் அமுக்கிப் பிடித்தபடி, விரால் வாங்குகிற எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்.

“சியாப்பா ஆப்பரேஷன்?” யாருக்கு ஆப்பரேஷன்?

ஆப்பரேஷன் இல்லை, அக்காவுக்குக் காலில் புண் என்றேன். அவர் மரக்கட்டையால் மீனின் தலையில் அடித்து, பலகையில் போட்டு, செதில் எடுக்கக் கத்தியைக் கையில் எடுத்தார். வேண்டாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. விராலை யாரும் சுத்தம் செய்யாமல் வாங்குவதில்லை. காசு அதிகம் ஆகாது, இது இலவசம்தான் என்று கை காட்டினார். வீட்டில் வெட்ட ஆள் இருக்கிறது என்று மலாயில் சொன்னேன். தோளைக் குலுக்கிவிட்டு, முழு மீனை இரண்டு பைகளுக்குள் போட்டு முடிச்சிட்டுக் கொடுத்தார்.